கொரியா பசங்க எல்லாம் இவ்ளோ உயரமா ஆனது எப்படி? என் பொண்ணு கிளாஸ்லயே குட்டி, உயரத்துக்கு க்ரோத் ஹார்மோன் ஊசி போடணுமா?

சுவோன்_அம்மா:
எல்லாருக்கும் வணக்கம். சுவோனுக்கு வந்து ஆறு வருஷம் ஆச்சு, வீட்டுக்காரர் செமிகண்டக்டர் வேலை, பொண்ணு இங்கேயே கவர்மென்ட் எலிமெண்டரி ஸ்கூல்ல நாலாங்கிளாஸ். போன வாரம் ஸ்கூல்ல ஹெல்த் செக்கப் எடுத்துட்டு உயரம் 131 சென்டின்னு சீட்டுல எழுதி அனுப்பியிருந்தாங்க, கிளாஸ்ல 24 பேர், இவளை விட குட்டி ஒரே ஒரு பையன் தான். இவ பெஸ்ட் ஃப்ரெண்ட் ஒருத்தி இருக்கா, நிஜமா சொல்றேன் என் தோளைத் தாண்டிட்டா, நான் 155. அம்மாங்க காகாவோ (இங்கத்த வாட்ஸ்அப் மாதிரி) குரூப்ல இந்த நம்பரை சும்மா போட்டேன், போடாம இருந்திருக்கலாம், ஒருத்தங்க உடனே சார்ட்டைத் திறந்து பாத்து "11 வயசுக்கு 131 னா 3 பெர்சென்டைலுக்கும் கீழ, அதாவது நூறு பேர்ல கடைசி மூணு, க்ரோத் கிளினிக்ல அப்பாயின்ட்மென்ட் போடுங்க, லேட் பண்ணா எலும்பு வளர்ற இடமான க்ரோத் ப்ளேட் மூடிடும்"னு சொல்லிட்டாங்க. அதுலேர்ந்து தூக்கம் போச்சு. அப்பாயின்ட்மென்ட்டும் போட்டு வெச்சுட்டேன், இன்னும் மூணு வாரம் இருக்கு.

இன்னொன்னு, எங்க பில்டிங் கீழ் வீட்ல ஒரு ஹல்மோனி (பாட்டி) இருக்காங்க, 70 வயசு, என்னை விட குட்டி, 150 கூட இருக்க மாட்டாங்க. அவங்க பேரன் ஹைஸ்கூல் முடிக்கிறான், 178. லிஃப்ட்ல ரெண்டு பேரும் ஒண்ணா நின்னா வேற வேற நாட்டுக்காரங்க மாதிரி இருக்கு. இது எப்படிங்க ரெண்டே தலைமுறையில? எல்லாரும் ஊசி போட்டுக்கிறாங்களா?

கிம்ச்சி_குமார்:
எல்லாம் ஊசி தான் அக்கா, சந்தேகமே வேணாம். டிராமா ஹீரோ எல்லாம் 185, 188.

தேஜோன்வாசி:
குமாரு, டிராமா ஹீரோவை வெச்சு சராசரி கண்டுபிடிச்சா நம்ம ஊர்ல எல்லாரும் பறந்து பறந்து அடிப்போம். இங்க ஷூக்குள்ள வைக்கிற கல்சாங்னு ஒரு இன்சோல் விக்குது, சாதா கடையிலயே 3 சென்டி 5 சென்டின்னு ரகம் ரகமா தொங்கும். ஏஜென்சி ப்ரொஃபைல்ல போடுற உயரத்துல பாதி அதோட கைங்கர்யம். என் லேப்ல 11 கொரியன் பசங்க, நான் 171, நாலு பேர் என்னை விட குட்டி.

எண்_கணக்கன்:
சுவோன் அக்கா, ரெண்டாவது கேள்வியை நான் எடுத்துக்கறேன், ஊசி மேட்டரை டாக்டர் யாராவது வந்து சொல்லட்டும்.

200 நாட்டு டேட்டாவை சேத்து 2016ல வந்த பெரிய ஆய்வு ஒண்ணு இருக்கு. 1896ல பொறந்தவங்களையும் 1996ல பொறந்தவங்களையும் ஒப்பிட்டா உலகத்துலயே அதிகமா உயரம் கூடினது தென்கொரியப் பெண்கள், 142 சென்டியிலேர்ந்து 162, அதாவது 20 சென்டி. ஆம்பளைங்க 160லேர்ந்து 175 கிட்ட. ஆனா அந்த 142ஐ அப்படியே முழுங்கிடாதீங்க, அந்தக் காலத்துல யாரும் டேப் வெச்சு எல்லாரையும் அளக்கல, மாடல் போட்டு பின்னோக்கி கணிச்சது. பழைய சோசன் ராஜ்ஜிய காலத்துக் கல்லறைகள்ல கிடைச்ச எலும்புகளை சோல் நேஷனல் யூனிவர்சிட்டியில அளந்து பாத்திருக்காங்க, ஆண் 161, பெண் 149னு வந்துச்சு. அதனால பொண்ணுங்க 20 வளந்தாங்களா 13 வளந்தாங்களான்னு சண்டை போடலாம். வளந்தாங்களான்னு சண்டை போட முடியாது.

நேர்ல அளந்த கணக்கு வேணும்னா: 1965ல 20 வயசுப் பையன் சராசரி 169 கிட்ட, 2005ல 174 கிட்ட. பொண்ணுங்க 156லேர்ந்து 161. நாப்பது வருஷத்துல ரெண்டு பக்கமும் ஒரு 5 சென்டிக்கு கொஞ்சம் மேல.

ஜீன் மாறிடுச்சான்னு கேக்காதீங்க, ரெண்டு தலைமுறையில ஜீன் மாறாது. சோறு மாறுச்சு, வயித்துல இருந்த பூச்சி போச்சு.

பூசான்_ப்ரியா:
பூச்சியா? புரியல.

எண்_கணக்கன்:
ஆமா ப்ரியா, குடல் பூச்சி. உயரம்ங்கிறது சாப்பிட்டது மட்டும் இல்ல, சாப்பிட்டதுல நோயும் பூச்சியும் எடுத்துக்கிட்டது போக மிச்சம். 1963ல ஜோன்ஜுவுல ஒரு மிஷன் ஆஸ்பத்திரிக்கு வயித்து வலின்னு 9 வயசுப் பொண்ணைக் கொண்டு வந்தாங்க, ஆபரேஷன் பண்ணி குடல்லேர்ந்து எடுத்த உருண்டைப் புழு 1,063. அந்தக் குழந்தை பிழைக்கல. நாடே அதிர்ந்து போச்சு, அடுத்த வருஷமே பூச்சி ஒழிப்புக்குன்னு தனி சங்கம் ஆரம்பிச்சாங்க. 1971ல நாடு முழுக்க டெஸ்ட் பண்ணப்போ 84.3 சதவீதம் பேர் வயித்துல முட்டை இருந்துச்சு. நூத்துக்கு 84! 1997ல அதே சர்வே, 2.4. நடுவுல ஸ்கூல் ஸ்கூலா மாத்திரை, வயல்ல மனுஷக் கழிவை உரமா போடுறதை விட்டு கெமிக்கல் உரம், கக்கூஸ், குழாய்த் தண்ணி. உயரத்துக்குப் பாலை மட்டும் கும்பிடுறவங்க இதை மறந்துடுறாங்க.

சுவோன்_அம்மா:
ஐயோ அந்த 9 வயசுப் பொண்ணு. என் பொண்ணுக்கும் 9 தான்.

நான் நேத்து சாயங்காலம் கீழ் வீட்டு ஹல்மோனிகிட்ட இந்தக் கதையைக் கேட்டேன், வாயைத் திறந்தாங்க பாருங்க, காபி ஆறிப்போச்சு. ஸ்கூல்ல ஆளுக்கொரு குட்டிக் கவர் குடுப்பாங்களாம், பேர் கிளாஸ் எல்லாம் எழுதி மலத்தை உள்ள வெச்சு ஒட்டி எடுத்துட்டுப் போகணும். மலம் வராத பசங்க ஃப்ரெண்டோடதைக் கொஞ்சம் வாங்கி வெச்சுப்பாங்களாம், இவங்க அண்ணன் ஒரு தடவை நாயோடதை வெச்சு அனுப்பி, ரிசல்ட்ல இல்லாத பூச்சி எல்லாம் வந்து டீச்சர்கிட்ட அடி வாங்கினாராம். முடிவு வந்ததும் டீச்சர் கிளாஸ் முன்னாடியே பேர் கூப்பிட்டு, எத்தனை மாத்திரையோ அத்தனையும் அங்கேயே முழுங்க வைப்பாங்களாம். சொல்லிட்டு சிரிக்கிறாங்க.

அப்புறம் லஞ்ச் பாக்ஸ் செக்கிங். அப்ப நாட்டுல அரிசி பத்தாதுன்னு வெள்ளைச் சோறு மட்டும் கொண்டு வரக் கூடாது, பார்லி கலந்திருக்கணும்னு கவர்மென்ட் ரூல். மத்தியானம் எல்லாரும் மூடியைத் திறந்து டெஸ்க் மேல வெக்கணும், டீச்சர் நடந்துட்டே வந்து பாப்பாராம். வசதியான வீட்டுப் பசங்க கீழ வெள்ளைச் சோத்தை அமுக்கி வெச்சு மேல மட்டும் ஒரு லேயர் பார்லி தூவிட்டு வருவாங்களாம். இவங்க பாக்ஸ்ல மேலயும் பார்லி கீழயும் பார்லி தானாம், "எனக்குப் பயமே இல்ல"ன்னாங்க.

தேஜோன்வாசி:
அக்கா இது சூப்பர். பொரித்கொகேன்னு ஒரு வார்த்தை இருக்கு, பார்லி மேடுன்னு அர்த்தம். போன வருஷ அரிசி தீந்து போய் புது பார்லி அறுவடை ஆகாத வசந்த காலம், அந்த மாசங்களைத் தாண்டுறதை மலை ஏறுற மாதிரி சொல்வாங்க. 70கள்ல தோங்கில்னு அதிக விளைச்சல் தர்ற நெல் ரகம் வந்தப்புறம் தான், 1977 வாக்குல அரிசி சொந்தமா போதும்னு ஆச்சு. இப்ப ஸ்கூல்ல சோறு, சூப்பு, மூணு சைட் டிஷ், கிம்ச்சி, டயட்டீஷியன் மெனு போட்டு ஒட்டுறாங்க. எலிமெண்டரி ஸ்கூல் எல்லாத்துலயும் மதிய சாப்பாடு வந்ததே 90களோட கடைசியில தான். அது எல்லாருக்கும் இலவசமான்னு ஒரு சண்டை வந்து 2011ல எல்லாருக்கும் இலவசம் வேணாம்னு சொன்ன சோல் மேயர் ஓ சே-ஹூன் ரெஃபரெண்டம் (மக்கள்கிட்ட நேரடி ஓட்டு) வெச்சாரு, ஓட்டுப் போட ஆளே வரல, மேயர் ராஜினாமா. குழந்தைங்க சாப்பாட்டுல கை வெச்சு பதவி போனது, நமக்குப் புரியாத விஷயமா என்ன.

அன்சான்_தம்பி:
வணக்கம். நான் யாழ்ப்பாணம், இஞ்ச அன்சான்ல ஒரு ஃபக்டரியில வேலை. ஜீன் இல்ல சாப்பாடுதான் எண்டு அண்ணை சொன்னதுக்கு என்ட கண்ணால கண்ட ஒண்டு சொல்லுறன். எங்கட லைன்ல வடகொரியாவில இருந்து தப்பி வந்த ரெண்டு பேர் வேலை செய்யினம். ஒரே பாஷை, ஒரே முகம், ஆனா மற்ற கொரியன் பெடியளுக்குப் பக்கத்தில நிண்டா ஒரு தலை குறைவு. 90களில அங்க பஞ்சம் வந்த நேரம் ரெண்டு பேரும் சின்னப் பிள்ளையளாம். ஒருத்தர் சொன்னவர், அந்த நேரம் சோளமாக் கஞ்சியும் புல்லும் தான் எண்டு. அதுக்கு மேல நான் கேக்கேல்ல, அவைக்கு உயரத்தைப் பற்றிக் கதைக்கிறது விருப்பமில்லை.

எண்_கணக்கன்:
தம்பி சொன்னதை டேட்டாவும் அப்படியே சொல்லுது. பஞ்சத்துக்கு அப்புறம் வடக்குல எடுத்த சர்வேயை தெற்கோட வெச்சுப் பாத்தாங்க, ஸ்கூல் போறதுக்கு முந்தின வயசுக் குழந்தைங்கள்ல வித்தியாசம் 13 சென்டி வரைக்கும், எடை 7 கிலோ வரைக்கும். இதுல கொடுமை என்னன்னா ஜப்பான்காரன் ஆண்ட காலத்துல எடுத்த அளவுல வடக்கத்திக்காரங்க தான் தெற்கத்திக்காரங்களை விட லேசா உயரம். நாட்டை 1945ல கோடு போட்டுப் பிரிச்சாங்க, அந்தக் கோடு குழந்தைங்க எலும்புலயும் விழுந்துடுச்சு.

கிம்ச்சி_குமார்:
சரி சரி ஊசியை வாபஸ் வாங்கிக்கறேன். ஆனா இன்னும் வளந்துட்டே தானே இருக்காங்க? 2024ல நியூஸ்ல பாத்தேன், பத்தே வருஷத்துல பசங்க 4.3 சென்டி, பொண்ணுங்க 2.8 சென்டி கூடியிருக்காங்கன்னு, மிடில் ஸ்கூல் பசங்க மட்டும் 7.4. இப்படியே போனா 2050ல கதவு நிலையை எல்லாம் இடிச்சுக் கட்டணும்.

எண்_கணக்கன்:
இதைத் தான் குமாரு எதிர்பாத்துட்டு இருந்தேன். அந்த நியூஸ் உண்மை, அது சைஸ் கொரியான்னு கவர்மென்ட் எடுக்குற உடல் அளவு சர்வே, 7லேர்ந்து 19 வயசு வரைக்கும் அளந்தாங்க. ஆனா தலைப்பை மட்டும் படிச்சா தப்பா புரியும். மிடில் ஸ்கூல்ல 7.4 கூடினது, ஹைஸ்கூல்ல ஏன் அந்த அளவு கூடல? அதே பசங்க தானே வளந்து ஹைஸ்கூல் போறாங்க? ஸ்கூல் செக்கப் கணக்குல ஹைஸ்கூல் கடைசி வருஷப் பையன் சராசரி 2000களோட நடுவுலேர்ந்து 173, 174க்குள்ளயே சுத்திட்டு இருக்கு. மொத்த உயரம் நின்னு போய் ரொம்ப நாளாச்சு.

என்ன நடந்துச்சுன்னா, பசங்க முன்னாடியே வளந்துடுறாங்க. அதே சர்வேயில இருக்கு, பத்து வருஷம் முன்னாடி பையனுங்க வளர்ச்சி மெதுவாகுறது 16 வயசுல, இப்ப 14ல. பொண்ணுங்க 14லேர்ந்து 13. அதாவது ரயில் போய்ச் சேருற ஊர் அதே தான், ரெண்டு வருஷம் முன்னாடியே வந்துடுது. 13 வயசுப் பையனை பத்து வருஷம் முந்தின 13 வயசுப் பையனோட பக்கத்துல நிறுத்தினா ராட்சசன், ரெண்டு பேரையும் 19ல நிறுத்துங்க, கிட்டத்தட்ட ஒண்ணு. நடு வயசுல அளந்தா வித்தியாசம் பெருசா தெரியும், கடைசியில அளந்தா சுருங்கிடும். அந்த 1965, 2005 கணக்குலயும் இதே தான், 12, 13 வயசுல இருந்த இடைவெளி 20 வயசுல பாதியா போயிடுச்சு.

பூசான்_ப்ரியா:
அப்ப பொண்ணுங்க வயசுக்கு வர்றதும் முன்னாடியே தானே? என் மாமியார் இங்க வந்தப்போ ஆறாங்கிளாஸ் பொண்ணுங்களைப் பாத்துட்டு காலேஜான்னு கேட்டாங்க.

குழந்தை_டாக்டர்:
ஆமாம்மா. 1920கள்ல பொறந்த கொரியப் பெண்கள் பெரிய மனுஷி ஆனது சராசரி 16.8 வயசுல, 80களோட தொடக்கத்துல பொறந்தவங்க 12.7ல. அறுபது வருஷத்துல நாலு வருஷம். இதுல பெரும்பங்கு நல்ல விஷயம், ஒடம்புக்குப் போதுமான சாப்பாடு கிடைச்சா அது காத்திருக்காது. ஆனா இப்போ அதோட எடையும் கூடுது, குண்டுப் பசங்க சீக்கிரம் வளந்து சீக்கிரம் நின்னுடுறாங்க. கொரியாவுல பையன்கள்ல உடல் பருமன் 2012ல பத்துல ஒருத்தன், 2021ல நாலுல ஒருத்தன். ராத்திரி பத்து மணி வரைக்கும் ஹக்வோன் (தனியார் டியூஷன்), அதுக்கப்புறம் கடையில ராமென், அப்புறம் எங்க ஓடி விளையாடுறது.

மன்னிக்கணும், நான் லேட்டா வந்தேன். நான் மதுரையில குழந்தைங்க டாக்டர், ஹார்மோன் கேஸ் நிறைய பாப்பேன். சுவோன் அம்மா, ஊசிக்கு முன்னாடி எனக்கு ஒரே ஒரு சந்தேகம். உங்க குரூப்ல "11 வயசுக்கு"ன்னு சார்ட் பாத்தாங்கன்னு சொன்னீங்க. நடுவுல நீங்களே "என் பொண்ணுக்கும் 9 தான்"னு எழுதியிருக்கீங்க. எது சரி? பிறந்த தேதி, மாசம் மட்டும் சொல்லுங்க.

சுவோன்_அம்மா:
டாக்டர், டிசம்பர் 20. இந்த டிசம்பர் வந்தா 10 முடியும். இங்க எல்லாரும் 11ம்பாங்க, நானும் அப்படியே பழகிட்டேன்.

தேஜோன்வாசி:
ஓஓஓ.

குழந்தை_டாக்டர்:
கொரியன் வயசு! தேஜோன் தம்பி சரியா புடிச்சுட்டார். பொறந்த அன்னிக்கே ஒண்ணு, அப்புறம் ஒவ்வொரு ஜனவரி 1க்கும் ஒண்ணு. டிசம்பர் 20ல பொறந்த குழந்தைக்கு பன்னெண்டாம் நாளே ரெண்டு வயசு. 2023 ஜூன்லேர்ந்து சட்டப்படி நம்ம மாதிரி தான் எண்ணணும்னு மாத்திட்டாங்க, ஆனா வாய்ப் பழக்கம் போகாது இல்லையா. சார்ட் எல்லாமே முடிஞ்ச வயசு, மாசத்தோட பாக்கணும். உங்க பொண்ணுக்கு இப்ப 9 வருஷம் 5 மாசம். 11 வயசுக் கட்டத்துல 131ஐப் பாத்தா நிஜமாவே 3க்குக் கீழ தான். 9 வருஷம் 5 மாசத்துல பாத்தா நூறு பேரை வரிசையா நிறுத்தினா கீழேர்ந்து இருபதாவது இடம் பக்கம். குட்டி தான், வியாதி இல்ல.

அதுக்கு மேல, கொரியாவுல ஒரே வருஷம் ஜனவரி டு டிசம்பர் பொறந்தவங்க எல்லாம் ஒரே கிளாஸ். உங்க பொண்ணு அந்தக் கிளாஸ்லயே கடைக்குட்டி, அந்த பெஸ்ட் ஃப்ரெண்டு எந்த மாசம்னு கேட்டுப் பாருங்க. அதோட அவ வளர்ச்சி வேகம் எடுக்குற கட்டத்துல இருக்கலாம், உங்க பொண்ணு இன்னும் ஆரம்பிச்சே இருக்க மாட்டா.

உங்க உயரம் 155ன்னீங்க, வீட்டுக்காரர்?

சுவோன்_அம்மா:
170 டாக்டர். ஃப்ரெண்டு ஜனவரி 😭 பதினொரு மாசம் மூத்தவ.

குழந்தை_டாக்டர்:
170ஐயும் 155ஐயும் கூட்டி ரெண்டால வகுத்தா 162.5, பொண்ணுன்னா 6.5 கழிக்கணும், 156. முன்ன பின்ன சில சென்டி ஆகலாம். அவ போற பாதை அதுக்கு ஒத்துப் போகுது. 162 சராசரி இருக்குற ஊர்ல அம்மா அப்பா உயரத்தை வெச்சு 156 வரப்போற பொண்ணு கிளாஸ்ல குட்டியா தான் தெரிவா, அதுக்கு மருந்து கிடையாது, தேவையும் இல்ல.

க்ரோத் ஹார்மோன் கெட்டது இல்லைங்க. ஹார்மோன் சுரக்காத குழந்தை, டர்னர் சிண்ட்ரோம் (பொண்ணுங்களுக்கு வர்ற ஒரு குரோமோசோம் குறை), பொறக்கும்போதே ரொம்பச் சின்னதா பொறந்து பின்னாடி எட்டிப் புடிக்காதவங்க, இவங்களுக்கு அது வரம். தினம் ராத்திரி ஒரு ஊசி, வருஷக்கணக்கா. ஆனா எல்லாம் சரியா இருக்குற குழந்தைக்குப் போட்டா கிடைக்குறது சில சென்டி, அதுவும் எல்லாருக்கும் இல்ல, செலவு முழுக்க உங்க பையிலேர்ந்து. கொரியாவுல சமீப வருஷங்கள்ல இந்த மருந்துச் சீட்டு எண்ணிக்கை மளமளன்னு ஏறினதுக்கு, குட்டிக் குழந்தைங்க திடீர்னு அதிகமானது காரணம் இல்ல.

நீங்க பாக்க வேண்டியது வேற ரெண்டு. ஒண்ணு, வருஷத்துக்கு எத்தனை சென்டி ஏறுறா. இந்த வயசுல 4க்குக் கீழ போனா டாக்டரைப் பாருங்க. ரெண்டாவது, 8 வயசுக்கு முன்னாடியே மார்பு வளர ஆரம்பிச்சிருந்தா பாக்கணும், அது உங்க பொண்ணு தாண்டிட்டா.

தேஜோன்வாசி:
டாக்டர், அந்த இடது கை எக்ஸ்ரே எடுத்து போன் ஏஜ், அதாவது எலும்போட வயசு பாக்குறாங்களே, அது வேஸ்ட்டா? என் லேப் சீனியர் தன் பையனுக்கு ஆறு மாசத்துக்கு ஒரு தடவை எடுக்குறார், ரிப்போர்ட்டை ரேங்க் கார்டு மாதிரி ஃப்ரிட்ஜ்ல ஒட்டி வெச்சிருக்கார். "கடைசி உயரம் 176.4"ன்னு ஒரு புள்ளி வெச்சு வேற போட்டிருந்துச்சு. அவருக்கு அது பத்தல, 180 வேணுமாம்.

குழந்தை_டாக்டர்:
வேஸ்ட் இல்ல, கேள்வி இருந்தா எடுக்கணும். ஆனா அந்த 176.4ல இருக்குற .4 இருக்கே, அது வெறும் அலங்காரம். பல சென்டி தப்பலாம்.

பூசான்_ப்ரியா:
அந்த 180 பைத்தியம் எங்கேர்ந்து வந்துச்சு தெரியுமா, 2009ல ஒரு டிவி ஷோவுல ஒரு காலேஜ் பொண்ணு 180க்குக் கீழ இருக்குற ஆம்பளைங்க லூசர்னு சொல்லிட்டா, நாடே கொதிச்சு கேஸ் எல்லாம் போட்டாங்க. சராசரியே 174ங்கிற நாட்டுல 180 கேட்டா பெரும்பான்மை ஆம்பளைங்க லூசர் தான். திட்டினவங்க எல்லாம் இப்ப அப்பா ஆகி புள்ளையைக் கூட்டிட்டு கிளினிக் வாசல்ல நிக்கிறாங்க.

கிம்ச்சி_குமார்:
ஒரு டவுட்டு, பணம் வந்தா உயரம்னா ஜப்பான் தானே முதல்ல பணக்காரன் ஆனான்? அவன் ஏன் குட்டி?

எண்_கணக்கன்:
நல்ல கேள்வி, நக்கல் பண்ணாம பதில் சொல்றேன். ஜப்பான் 17 வயசுப் பையன் சராசரி 90களோட நடுவுல 170.8 பக்கம் வந்து நின்னுச்சு, அப்புறம் நகரவே இல்ல. கொரியா பின்னாடி வந்து அவங்களைத் தாண்டி 3 சென்டி மேல போய் நின்னுச்சு. பாலும் கறியும் மட்டும் தான் காரணம்னா இது வந்திருக்கக் கூடாது. ஹிரோஷி மோரின்னு ஒரு ஜப்பான் பொருளாதாரக்காரர், ஜப்பான்ல இளசுங்க பழம் காய்கறியைக் கைவிட்டது தான் காரணம், கொரியாவுல காய்கறி சாப்பாடு அப்படிக் குறையலன்னு வாதாடுறார். எனக்கு முழுசா ஒத்துக்க மனசு வரல, ஆனா பால் கம்பெனி விளம்பரத்தை விட இது யோசிக்க வைக்குது.

கிம்ச்சி_குமார்:
அப்ப கிம்ச்சி தான்! என் பேரை நியாயப்படுத்திட்டீங்க.

எண்_கணக்கன்:
நான் அப்படிச் சொல்லவே இல்ல.

அன்சான்_தம்பி:
😂 எங்கட கன்டீன் அம்மாவும் இதத்தான் சொல்லுறவா, கிம்ச்சி சாப்பிடு வளருவாய் எண்டு. எனக்கு 31 வயசு.

சுவோன்_அம்மா:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி, டாக்டருக்கு ஸ்பெஷலா. பழைய சீட்டெல்லாம் தேடி எடுத்தேன், போன வருஷம் இதே மாசம் 125.5, ஆக 5.5 ஏறியிருக்கா. அப்பாயின்ட்மென்ட் கேன்சல் பண்ணிட்டேன். குரூப்ல அந்த அம்மாகிட்ட வயசு மேட்டரைச் சொன்னேன், "ஓ ஆமா இல்ல"ன்னு ஒரு ஸ்டிக்கர் அனுப்பிட்டு அடுத்து மேத்ஸ் ஹக்வோன் பத்திக் கேக்க ஆரம்பிச்சுட்டாங்க. நான் நாலு நாள் தூங்காததுக்கு ஒரு ஸ்டிக்கர்.

கீழ் வீட்டு ஹல்மோனிகிட்டயும் சொன்னேன். இவளைக் கதவு நிலையில நிக்க வெச்சு பென்சில்ல கோடு போட்டாங்க, அப்புறம் அவங்களும் செருப்பைக் கழட்டிட்டு நின்னாங்க, 148. "உங்க கிளாஸ்ல நீங்களும் குட்டியா ஹல்மோனி?"ன்னு இவ கேட்டா. அதுக்கு அவங்க, "நானா? அசெம்ப்ளியில நான் எப்பவும் நடு வரிசை"ன்னாங்க. இவ நம்பவே இல்ல, அடுத்த டிசம்பர் 20க்கு மறுபடி அளக்கணும்னு கோட்டுக்குப் பக்கத்துல தேதி எழுதிட்டு வந்திருக்கா.